பல்கலைக்கழகங்களிலிருந்து: ஒரு நீளச் சொல்லைக் குழந்தை எப்படிப் படிக்கிறது?

பிள்ளைகளின் படிப்புத் திறனைச் சோதிக்கும் ஏசர் கணக்கெடுப்பின் அறிக்கை வரும்போதெல்லாம் அதே மாதிரித் தலைப்புகள் கண்ணில் படும்: மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புப் பாடம் படிக்க வரவில்லை. உடனே ஒரு தரப்பு பள்ளிக்கூடத்தைத் திட்டும், இன்னொரு தரப்பு கணக்கெடுப்பைத் திட்டும். வீட்டில் இருக்கும் பெற்றோர்தான் குழம்பிப் போவார்கள், ஏனென்றால் அவர்கள் பிள்ளைக்கு அ முதல் ஃ வரை தெரியும், க வரிசை, ச வரிசை எல்லாம் ஒப்பிக்கும், ‘மரம்’, ‘பட்டம்’ படிக்கும், ஆனால் ‘மரத்தடியில்’ என்று வந்தால் நின்றுவிடும். எழுத்து தெரிந்த பிள்ளை சொல்லில் ஏன் தடுக்குகிறது?

நீளமான சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கப் பழக்குங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, எங்கே பிரிப்பது? விஷயமே அதில்தான் இருக்கிறது. ஆங்கிலப் பயிற்சித் தாள்களில் வரும் ‘சிலபிள்’ முறையை அப்படியே தமிழில் இறக்கினால் பாதி வேலைதான் நடக்கும். தமிழுக்கென்று ஒரு வெட்டுக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதை உயர்நிலை வகுப்புச் செய்யுள் இலக்கணத்தில் பூட்டி வைத்திருக்கிறோம்.

கணக்கெடுப்பில் என்ன கேட்கிறார்கள்

ஏசர் என்பது பிரதம் என்ற தொண்டு நிறுவனம் 2005-ல் தொடங்கிய கணக்கெடுப்பு. கிராமப்புற வீடுகளுக்கே போய், பிள்ளையின் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொல்வார்கள். அதில் நான்கு படிகள்: எழுத்து, சொல், முதல் வகுப்பு அளவில் சிறு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சின்னக் கதை. சொல் படியில் வருபவை குட்டிச் சொற்கள். பத்தியில்தான் வேற்றுமை உருபும் பன்மையும் வினைமுற்றும் ஒட்டிக்கொண்டு வால் நீளும், பிள்ளை சறுக்குவதும் அங்கேதான்.

தமிழ்நாட்டில் கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலையாகப் பிரித்தது. எழுத்தை அறிகிற நிலை ஒன்று, சொல்லையும் தொடரையும் சரளமாகப் படிக்கிற நிலை வேறு என்று அந்தத் திட்டமும் ஒப்புக்கொள்கிறது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மூன்று சொற்களுக்குப் பொருள்

எழுத்து: தமிழில் 247. ஆனால் இவை ஒரே வகை இல்லை. ‘க’ என்பது ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த முழு ஒலி, தனியாகச் சொல்லலாம். ‘க்’ பாதி ஒலி, தனியாக வாயில் நிற்காது.

அசை: ஒரே மூச்சில் சொல்லக்கூடிய துண்டு. இந்தச் சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் புழங்குகிறது, குழப்பமும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. மொழியியலில் அசை என்றால் ஓர் உயிரொலியைச் சுற்றி அமைந்த துண்டு, அதாவது சிலபிள். யாப்பிலக்கணத்தில் அசை என்றால் நேரசை, நிரையசை. நேரில் ஓர் உயிரொலி, நிரையில் இரண்டு. முதலாவதை இனி ‘ஒலித்துண்டு’ என்கிறேன், இரண்டாவதுதான் ‘அசை’.

ஒட்டு: கள், இல், இருந்து, உக்கு, உம் போலச் சொல்லின் பின்னால் வந்து ஒட்டிப் பொருளைக் கூட்டுபவை.

‘இக்’கன்னா செய்யும் கோளாறு

பெரும்பாலான பிள்ளைகள் மெய்யெழுத்தை இக், இங், இச், இஞ் என்றுதான் படிக்கிறார்கள். க் தனியாக வாயில் நிற்காததால், முன்னே ஓர் ‘இ’ போட்டுச் சொல்லிக்கொடுத்த பழக்கம். பெயர் என்ற அளவில் தப்பில்லை. ஆனால் பிள்ளை எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது அந்தப் பெயரையே ஒலி என்று எடுத்துக்கொள்கிறது. ‘மரத்தடியில்’ என்ற சொல்லை ஒரு பிள்ளை படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்:

ம... ர... இத்... த... டி... யி... இல்.

ஏழு துண்டு, அதில் இரண்டு ‘இ’ சொல்லிலேயே இல்லாதவை. இதைச் சேர்த்து ‘மரத்தடியில்’ என்று சொல்ல வேண்டுமானால் பிள்ளை ஏழையும் ஞாபகத்தில் வைத்து, அதில் இரண்டு ‘இ’யைக் கழித்து, மிச்சத்தை ஒட்ட வேண்டும். பெரியவர்களுக்கே கஷ்டம். உடனடி ஞாபகத்தில் ஏழு பொருள்வரை நிற்கும் என்று 1956-ல் உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் எழுதியது புகழ்பெற்ற கணக்கு. 2001-ல் நெல்சன் கோவன் அதை நான்கு என்று குறைத்தார். அதுவும் வளர்ந்தவர்களுக்கு. எட்டு வயதுப் பிள்ளை ‘யில்’ வரும்போது ‘மர’வை மறந்துவிட்டு ஏதோ ஒரு சொல்லை ஊகித்துச் சொன்னால், அது கவனக்குறைவு அல்ல, பை நிறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஒரே சொல், மூன்று வெட்டு

‘பல்கலைக்கழகங்களிலிருந்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

1. எழுத்து எழுத்தாக: ப, ல், க, லை, க், க, ழ, க, ங், க, ளி, லி, ரு, ந், து. மொத்தம் 15.

2. ஒலித்துண்டாக: பல் | க | லைக் | க | ழ | கங் | க | ளி | லி | ருந் | து. மொத்தம் 11. இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. எழுத்துகளை எண்ணி, அதில் புள்ளி வைத்த எழுத்துகளைக் கழித்தால் ஒலித்துண்டுகளின் எண்ணிக்கை வந்துவிடும். இங்கே 15-ல் 4 போனால் 11.

3. அசையாக: பல் | கலைக் | கழ | கங் | களி | லிருந் | து. மொத்தம் 7.

பதினொன்று ஏழாகக் குறைந்தது எப்படி? யாப்பின் கணக்கு எளிது. குறிலும் நெடிலும் தனியாக வந்தாலோ பின்னால் மெய் வந்தாலோ நேர். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ இணைந்து வந்தால் நிரை, அதன் பின்னால் மெய் வந்தாலும் நிரைதான். அதாவது ஒற்றைக் குறிலை அநாதையாக விடாமல் பக்கத்து எழுத்தோடு ஜோடி சேர்க்கிறது. ‘க | லைக்’ என்று வெட்டினால் ‘க’ வெறும் எழுத்து. ‘கலைக்’ என்றால் காதுக்குத் தெரிந்த ஓசை. பறவை என்பதை ப | ற | வை என்று யாரும் பேசுவதில்லை, பற | வை என்றுதான் நாக்கு போகிறது.

இதனால் எனக்குப் படுவது: தமிழ்ப் பிள்ளைக்கு ஒலித்துண்டை விட அசை நல்ல அளவு. செய்யுளுக்காகச் செய்த கணக்குதான், ஆனால் செய்யுளை வாயால் சொன்ன காலத்தில் உண்டானது, ஆகவே வாய்க்குப் பொருந்துகிறது. தேமா, புளிமா என்ற வாய்பாடெல்லாம் பிள்ளைக்கு வேண்டாம். வெட்டு மட்டும் போதும்.

பென்சிலால் எங்கே பிரிப்பது

பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய விதிகள் மூன்று, இந்த வரிசையிலேயே:

1. புள்ளி எழுத்து எப்போதும் முன்னால் இருக்கும் எழுத்தின் ஆள். அதற்கு முன்னே கோடு போடக் கூடாது. பள் | ளிக் | கூ | டம். இரண்டு புள்ளி சேர்ந்து வந்தாலும் இரண்டுமே முன்னால் போகும்: வாழ்த் | து, காய்ச் | சல். தமிழ்ச் சொல் மெய்யில் தொடங்காது என்பதால் இந்த விதி பிசகவே பிசகாது. ஸ்டேஷன், ப்ரியா மாதிரி வந்தால் மட்டும் கைகொடுக்காது, அதை ‘இது வெளியூர்ச் சொல்’ என்று சொல்லி அப்படியே படித்துக்காட்டிவிடுங்கள்.

2. துண்டின் தொடக்கத்தில் நெடில் வந்தால் அதோடு துண்டு முடிந்தது, பின்னால் புள்ளி இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளும். மா | ணவர் | கள்.

3. குறில் வந்து அதன் பின்னால் புள்ளி இல்லையென்றால் அடுத்த எழுத்தையும் சேர்த்துக்கொள்ளும். மரத் | தடி | யில்.

ஏழாக இருந்த ‘மரத்தடியில்’ மூன்றாகிவிட்டது, அதுவும் ‘மரம்’ தெரிந்த பிள்ளைக்கு ‘மரத்’ பாதி பழக்கமான முகம். ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்பதில் எழுத்து 14. அசை படித் | துக் | கொண் | டிருந் | தார் | கள், ஆறு.

நேராகக் கோடு கிழிப்பதைவிட சொல்லுக்கு அடியில் வளைவு போடுவது நல்லது, கோடு ‘ா’ மாதிரி தெரிந்து தொலைக்கும். அப்புறம் கொம்பு. ‘கொ’ என்பதில் கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் க. கண் முதலில் பார்ப்பது கொம்பை, வாய் முதலில் சொல்ல வேண்டியது க-வை. கணினியில் ஒட்டுப்போட்டுத் தயாரித்த பயிற்சித் தாள்களில் கொம்பு ஒரு துண்டிலும் எழுத்து அடுத்த துண்டிலும் கிடப்பதைப் பார்க்கலாம், அதைக் கொடுப்பதைவிடக் கொடுக்காமல் இருக்கலாம்.

வெட்டினால் ஒலி மாறும்

இந்த முறையின் பலவீனமும் தெரிய வேண்டும். தமிழில் க, ச, ட, த, ப ஆகியவற்றுக்கு இடத்தைப் பொறுத்து ஒலி. ‘பம்பரம்’ என்று சொல்லிப் பாருங்கள், முதல் ப அழுத்தம், இரண்டாவது ப மெல்லிசு. ம்-க்குப் பின்னால் வருவதால் வந்த மெல்லிசு அது. பம் | பரம் என்று வெட்டினால் இரண்டாவது துண்டு ‘பரம்பொருள்’ என்பதில் வரும் ‘பரம்’ ஆகிவிடுகிறது, ஏனென்றால் பக்கத்தில் ம் இல்லை. தங்கம், பஞ்சு, வண்டி, பந்து எல்லாம் இதே கதை. ‘காற்று’ இன்னும் மோசம்: காற் | று என்று பிரித்தால் ற் தனியாக ஒலிக்கும் விதம் வேறு, று-வோடு உரசும்போது வேறு.

ஆகவே வெட்டுவது பாதி வேலைதான். துண்டு துண்டாகச் சொன்ன பிறகு, விரலைச் சொல்லின் அடியில் நிற்காமல் இழுத்துக்கொண்டே ஒரே மூச்சில் இன்னொரு தடவை சொல்ல வேண்டும். இரண்டாவது தடவையில்தான் ‘பரம்’ மெல்லிசாகும். நிறையப் பேர் முதல் தடவையோடு ‘சரி, அடுத்தது’ என்று போய்விடுகிறார்கள், பிள்ளையும் மூன்றாம் வகுப்பிலும் ரோபோ மாதிரி வெட்டி வெட்டியே படிக்கிறது. ற்று, ற்ற, ன்று, ன்ற நான்கையும் வெட்டாமல் கட்டாகவே பழக்கிவிடலாம்.

வால் ஒன்றுதான், தலைதான் மாறும்

அசை வெட்டு ஒலியைத் தரும், பொருளைத் தராது. ‘மாணவர்களுக்காகவும்’ என்பதை அசைக் கணக்கில் மா | ணவர் | களுக் | கா | கவும் என்போம். பொருள் கணக்கில் மாணவர் + கள் + உக்கு + ஆக + உம். இரண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழவில்லை. ‘கள்’ளின் கடைசி மெய்யும் ‘உக்கு’வின் முதல் உயிரும் கலந்து ‘ளு’ ஆகிவிட்டதால், எழுத்தில் கத்தி வைக்க இடமே இல்லை. அதனால் ஒட்டுகளை இலக்கண முறையில் பிரித்துக் காட்டுவது சின்னப் பிள்ளைக்கு உதவாது.

உதவுவது வேறொன்று. தமிழில் நீளச் சொற்கள் லட்சம் இருக்கலாம், அவற்றின் வால்கள் கொஞ்சம்தான்: களுக்கு, களுக்காக, களிலிருந்து, யில், லிருந்து, த்துக்கு, க்கொண்டிருந்த, விட்டார்கள், வேண்டும் என்று, இப்படி ஒரு முப்பது நாற்பது கட்டு தேறும். இவற்றைப் பார்த்தவுடன் சொல்லப் பழகிவிட்டால் ‘பல்கலைக்கழகங்களிலிருந்து’ என்பது பல்கலைக் + கழகங் + களிலிருந்து, மூன்றே கட்டு. பதினைந்திலிருந்து மூன்று. கோவன் சொன்ன நான்குக்குள் அடங்கிவிட்டது. பழகும் முறையும் எளிது: சொல்லின் வாலை விரலால் மூடு, தலையைப் படி, விரலை எடு, வாலோடு படி. ‘பூனை’, ‘பூனைகள்’, ‘பூனைகளுக்கு’, ‘பூனைகளுக்காக’ என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி மேலிருந்து கீழே ஓடவிட்டால் பிள்ளைக்கு விளையாட்டு மாதிரி இருக்கும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, பெரும்பாலும் பேசப்படுவதில்லை. பிள்ளை கஷ்டப்பட்டு ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’ என்று ஒலித்து முடித்த பிறகும் முகத்தில் ஒரு மலர்ச்சியும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். ஏன்? அந்தச் சொல்லை அது வீட்டில் கேட்டதே இல்லை. வீட்டில் கேட்டது ‘படிச்சிக்கிட்டிருந்தாங்க’. ஒலித்துப் பார்த்த சொல் காதில் ஏற்கெனவே இருந்தால்தான் ‘ஓ, இதுவா’ என்று ஒட்டிக்கொள்ளும். படிக்கிற பிள்ளை தனக்குத்தானே சொற்களைக் கற்றுக்கொள்வது இப்படித்தான் என்பது 1995-ல் டேவிட் ஷேர் முன்வைத்த கருத்து, வாசிப்பு ஆய்வில் இன்றும் அதற்கு மதிப்பு உண்டு. தமிழில் அந்த ‘ஓ, இதுவா’ வர, பேச்சு வாலையும் எழுத்து வாலையும் பக்கத்தில் வைத்துக் காட்டியாக வேண்டும்: கிட்டிருந்தாங்க என்றால் கொண்டிருந்தார்கள், லேர்ந்து என்றால் லிருந்து. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இந்த இடத்தில் கொஞ்சம் சுமை குறைவு, பேச்சிலேயே ‘படிச்சுக்கொண்டிருந்த’ என்று ‘கொண்டு’ வந்துவிடுகிறது. கதையை உரக்கப் படித்துக் காட்டச் சொல்வதும் இதற்காகத்தான், எழுத்துத் தமிழ் முதலில் காதுக்குள் போக வேறு வழி கிடையாது.

ஆங்கிலத்துக்கு இதே விதி போடலாமா

வேண்டாம். தமிழில் எழுத்தைப் பார்த்தாலே குறிலா நெடிலா என்று தெரியும். ஆங்கிலத்தில் எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து உயிரொலியே மாறிவிடும். ‘ஃபாதர்’ என்ற சொல்லை நடுவில் தப்பாக வெட்டினால் ‘ஃபேட்’, ‘ஹர்’ என்று இரண்டு வேறு சொற்கள் வந்து நிற்கும். பேப்பர், லெமன் இரண்டிலும் உயிர், ஒரு மெய், மறுபடி உயிர் என்று ஒரே அமைப்பு, ஆனால் ஒன்றில் நெடில் மாதிரி, மற்றதில் குறில். அமெரிக்க ஆய்வாளர் டெவின் கேர்ன்ஸ் 2020-ல் வெளியிட்ட ஆய்வு, இந்த அமைப்பில் முதல் உயிரை நீட்டிப் படி என்ற பள்ளிக்கூட விதி நம்பகமாக இல்லை, நீளச் சொற்களில் இன்னும் மோசம் என்று காட்டியது. ஆங்கிலத்தில் பிள்ளை வெட்டிப் பார்த்து, சரியாக ஒலிக்காவிட்டால் உயிரை மாற்றிப் போட்டு இன்னொரு தடவை முயல வேண்டும். தமிழில் அந்த ஊசலாட்டம் கிடையாது, ஆனால் முதலில் நிறைய எழுத்து படிக்க வேண்டும். கன்னடப் பிள்ளைகளிடம் சொனாலி நாக் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், எழுத்துகளைக் கற்று முடிப்பது முதல் வகுப்போடு தீராமல் நான்காம் வகுப்பு வரை நீள்வது தெரிந்தது. தமிழில் கன்னடத்தைவிடக் கூட்டெழுத்துச் சிக்கல் குறைவு என்றாலும், உயிர்மெய் வரிசைகள் உறுதிப்பட ஒரு வருடம் போதாது என்பது வகுப்பில் நிற்கும் யாருக்கும் தெரியும்.

வெட்டு முறை போதாத இடம்

இரண்டு அசைச் சொற்களைக்கூட மாதக்கணக்கில் பழக்கியும் சேர்க்க வரவில்லை, நேற்றுப் படித்த சொல் இன்று புதிதாகத் தெரிகிறது, ஆனால் பேச்சும் கேட்டுப் புரிவதும் வயதுக்கேற்ப இருக்கிறது என்றால் அது வேறு விஷயம். கற்றல் குறைபாடாக இருக்கலாம். சிறப்புக் கல்வியாளர் ஒருவரிடம் காட்டிச் சோதிக்க வேண்டும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அதற்கு முன்னால் கண்ணைப் பரிசோதித்துவிடுங்கள், புள்ளி தெரியாத பிள்ளைக்கு எந்த விதியும் வேலை செய்யாது.

நிமிடத்துக்கு எத்தனை சொல்

கடைசியாக, செய்தியில் வரும் ஓர் எண். 2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொல் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆங்கிலத்தில் ‘தே வேர் ரீடிங்’ மூன்று சொல், தமிழில் அதுவே ‘படித்துக்கொண்டிருந்தார்கள்’, ஒரே சொல். ஆங்கிலப் பிள்ளை மூன்று மதிப்பெண் வாங்கும் இடத்தில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒன்று. இது மூளையின் வேகக் குறைவு அல்ல, மொழியின் அமைப்பு. மத்திய அரசின் கல்வி ஆய்வு அமைப்பான என்சிஇஆர்டி 2022 மார்ச்சில் மூன்றாம் வகுப்பினரிடம் 20 மொழிகளில் நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு, மொழிக்கு மொழி தனித்தனி அளவுகோல் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அதிலும் ஒரு வேடிக்கை. ‘படித்துக் கொண்டிருந்தார்கள்’ என்று நடுவில் இடைவெளி விட்டு அச்சிட்டால் அதே பிள்ளை, அதே நிமிடத்தில், ஒரு சொல் கூடுதலாகப் படித்துவிடுகிறது.